மிச்சம் இருக்கிறவள்

எங்கள் ஊரில் யாரும் யாரையும் ஒருமுறை கூப்பிடுவதில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் சித்தேரி மலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்து, மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்கிக் காதைக் கொடுத்துப் பாருங்கள். "மாரியப்பா... மாரியப்பா" என்று எல்லாப் பேரும் இரட்டையாகத்தான் கேட்கும். முதல் கூப்பாட்டுக்கு யாரும் வாயைத் திறப்பதில்லை. மனுசராக இருந்தால் மறுபடியும் கூப்பிடுவார். மறுபடி கூப்பிடாதது மனுசரில்லை. உச்சி வெயிலில் மரவள்ளிக் காட்டுக்குள்ளிருந்து உங்கள் பேர் ஒற்றையாக வந்தால், கேட்காத மாதிரி குனிந்து களை பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். காலையில் ஜெபம், சாயங்காலம் ஜெபமாலை, ஞாயிற்றுக்கிழமை பூசை, இவற்றுக்கு நடுவில் இதுவும் உண்டு. பங்குச் சாமியாரிடம் மட்டும் யாரும் இதைப் பற்றிப் பேசியதில்லை. அவர் திருச்சிக்காரர், அவருக்கு எதற்கு வீண் கவலை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்த வழக்கம் தெரியாததால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆறாம் வகுப்புக்குக் கோயமுத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பேரையும் ஒரே தரம் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். வகுப்பில் உட்கார்ந்தபடியே நாங்கள் பாதிப் பேர் வராதவர்களானோம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் காது மந்தம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஆள் வரவழைத்துப் பரிசோதிக்கவும் வைத்தார். எல்லாருக்கும் காது நன்றாகவே கேட்டது.

பிறகு நான் சென்னைக்குப் போய்ப் படித்தேன். முதல் கூப்பாட்டுக்கே "யெஸ் மேம்" சொல்லப் பழகினேன். ஆனாலும் உள்ளே அந்தச் சின்னத் தயக்கம் போகவில்லை. பிஎச்.டி. சேர்வதற்காக வெவ்வேறு பல்கலைக்கழகங்களின் நேர்முகத்துக்குப் போய், கேள்வியை இன்னொரு தரம் கேட்பார்கள் என்று காத்திருந்தே கோட்டை விட்டவள் நான். பேந்தப் பேந்த விழிக்கிறாள், சரக்கு இல்லை என்று நினைத்திருப்பார்கள்.

என் பேர் சில்வியா. எம்.ஏ. தத்துவம். "தத்துவம் படிச்சிட்டு என்ன, கன்னியாஸ்திரியாப் போறியா?" என்று ஊரில் கேட்காத வாய் இல்லை. அப்பா பிலவேந்திரன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணன் அமல்தாஸ் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறான், பண்டிகைக்கு வருவான். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மா பேர் ரோசம்மா. வீட்டுக்குப் பின்னாலேயே கொஞ்சம் நிலத்தில் மரவள்ளி போட்டிருந்தோம், காடு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். நான் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ பேக்டரி ஆபீசில் பில் அடித்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலையிலும் சாயங்காலமும் ஊசி நான்தான் போட வேண்டும். தானே போட்டுக்கொள்ளச் சொன்னால் கை நடுங்குகிறது என்பாள், சாப்பிட மறப்பாள், மறந்துவிட்டு வெயிலில் இறங்குவாள். ஒருமுறை காட்டுக்குள் மயங்கிக் கிடந்தாள். நான் தேடிக்கொண்டு போனதால் பிழைத்தாள். மரவள்ளிச் செடி ஆள் உயரத்துக்கு நிற்கும், உள்ளே விழுந்தவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது.

இந்த நிலையில்தான் எனக்குக் கெடு நெருங்கியது. ஆராய்ச்சிக்கான உதவித்தொகைத் தேர்வில் நான் முன்பே தேறியிருந்தேன். அந்த வருடத்துக்குள் எங்காவது பிஎச்.டி.யில் பதிவு செய்தால் உண்டு, இல்லாவிட்டால் அது காலாவதி. மறுபடி எழுத வயதும் இல்லை. போக வேண்டும் என்று உயிர் அடித்துக்கொண்டது. அம்மாவைத் தனியே விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இரண்டையும் ஒரே மனசில் வைத்துக்கொண்டு பில் அடித்தேன், தப்புத் தப்பாக.

கடைசி முயற்சியாக வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். அங்கே நிர்மலாதேவி என்று ஒரு பேராசிரியை இருந்தார், சொந்த ஊர் சேலம். அவரிடம் ஆராய்ச்சி செய்ய வேண்டுமென்றால் முதலில் ஓர் ஆய்வுத் திட்டம் எழுதி அனுப்ப வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே விசயத்தை எடுத்துக்கொண்டேன், கூப்பிடுவது. ஒருவர் பேர் சொல்லி அழைக்கும்போது அந்த அழைப்பு யாருக்குச் சொந்தம்? பேர் உள்ளவருக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். நான் இல்லை என்று எழுதினேன். எங்கள் ஊரில் முதல் அழைப்பு காற்றில் சும்மா நிற்கிறது. பதில் சொன்ன பிறகுதான் அது இன்னாருக்கு என்று ஆகிறது. பேர் முக்கியமில்லை, பதில்தான் முக்கியம்.

படித்துப் பார்த்துவிட்டு நிர்மலாதேவி போனில் பேசினார். "நல்லா இருக்கு சில்வியா. ஆனா ரொம்பப் பவ்யமா இருக்கு. ஒரு வாக்கியமாவது மத்தவங்க சண்டைக்கு வர்ற மாதிரி எழுதுங்க. கூப்பிட்டது உங்களை, பதில் சொன்னது வேற ஆள், அப்போ என்ன சொல்வீங்க?"

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த வாக்கியத்தை எழுதினேன். அம்மா பாப்பிரெட்டிப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு இப்படி அடித்தேன்: "வேறொருவர் பதில் சொல்லிவிட்டால், அழைக்கப்பட்டவர் அவரே, பேருக்குரியவர் அல்ல."

முற்றுப்புள்ளி வைத்ததும் பின்பக்கம் காட்டுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

"சில்வியா."

அம்மா குரல்தான். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுப்பாளே, அதே இழுப்பு. நான் காத்திருந்தேன். மறுபடி வரவில்லை. கல்யாணத்திலிருந்து சீக்கிரமே வந்து, நேராகக் காட்டுக்குப் போய், மயக்கம் வந்து, ஒருமுறை கூப்பிடத்தான் தெம்பு இருந்ததோ என்று நினைத்தேன். வாயைத் திறக்காமல் ஓடினேன். வரிசை வரிசையாகத் தேடினேன். சொட்டுநீர்க் குழாயும் உதிர்ந்த இலையும் தவிர ஒன்றுமில்லை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பந்தியில உக்காந்திருக்கன் கண்ணு. என்னா அவசரம்?" என்றாள். பின்னால் பாட்டுச் சத்தம் கேட்டது.

ஒன்றுமில்லை என்றேன். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. எம்.ஏ. படித்தவளைக் காட்டுக்குள் ஓட விட்டுவிட்டதே என்று. திரும்பி வந்து அந்த வாக்கியத்தை அழித்துவிடலாமா என்று பார்த்தேன். வாக்கியம் நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்ததை அழிக்க எனக்கு மனசு வராது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அதன்பிறகு அது அடிக்கடி வந்தது. எப்போதும் பட்டப்பகலில்தான். சில நாள் அம்மா குரலில், சில நாள் அண்ணன் குரலில். பேக்டரியில் கிழங்கு லாரி நிற்கிற இடத்திலிருந்து ஒருநாள் மேனேஜர் குரலில் வந்தது. மேனேஜர் என் எதிரில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய வேலையில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பதில் கிதில் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத. ஜெபமால சொல்லு, போயிரும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்ட்ரூவு அன்னிக்கு வந்து தொலைக்காம இருக்கணும்" என்றாள். அம்மாவுக்கு நான் போவதில் சம்மதம். "என்னைப் பாத்துக்கிட்டு நீ கெடந்தா நாளைக்கு எம்மேலதான் பழி" என்பாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள். அவளுக்கும் உள்ளுக்குள் உதறல்தான்.

நேர்முகம் ஆன்லைனில் நடந்தது. முன்னறையில் சுவரோரம் நாற்காலி போட்டு, பின்னால் தெரிகிற காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஊசி போட்டு, இட்லி சாப்பிட வைத்து, "என்ன நடந்தாலும் கூப்பிடாதம்மா" என்று சொல்லியிருந்தேன். அவள் காட்டுக்குப் போனாள். கூப்பிட்டதும் பதில் சொல்ல வேண்டும், இரண்டாம் தரத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மைக்கைத் திறந்து வைத்தேன்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் நிர்மலாதேவி. தலைமை வகித்தவர் பட்டியலைப் பார்த்து வாசித்தார்.

"சில்வியா."

அதே நொடியில், எழுத்துப் பிசகாமல், பின்பக்கக் காட்டிலிருந்தும் வந்தது. "சில்வியா."

இரண்டும் ஒற்றை. வாயைத் திறந்துவிட்டேன், சத்தம் தொண்டை வரை வந்துவிட்டது. நான் "யெஸ் சார்" என்றால் அது இவருக்குப் போகுமா, அதற்குப் போகுமா? பதிலுக்கு முகவரி எழுதி அனுப்ப முடியாதே. கேட்கிற காதுக்கெல்லாம் அது போகும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் தயங்கினேன், அதற்கு மேல் இல்லை.

தலைமை வகித்தவர் சிரித்தார். "குட் மார்னிங். உங்கள் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

யாருக்குக் குட் மார்னிங் சொல்கிறார்? நான் இன்னும் பேசவே இல்லை. திரையின் மூலையில் என் படம் தெரிந்தது. உதடு மூடியிருந்தது. ஆனால் படத்தைச் சுற்றிப் பச்சைக் கோடு மின்னியது, பேசுகிறவரைக் காட்டுமே அந்தக் கோடு. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அங்கே மூவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குறிப்பு எடுத்தார். பச்சைக் கோடு நின்றதும் அடுத்த கேள்வி வந்தது. கேள்வி மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பிறகு மறுபடி மௌனம், மறுபடி பச்சைக் கோடு, மறுபடி தலையாட்டல்.

அடுத்த கேள்விக்கு விடை எனக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறந்து சொல்ல ஆரம்பித்தேன். பாதி வாக்கியம் போயிருக்காது, நிர்மலாதேவி கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிசம் சில்வியா, எக்கோ அடிக்குது. ரூம்ல வேற யாராவது இருக்காங்களா? அவங்களைக் கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லுங்க."

பேசாமல் இருந்தேன். வேறு என்ன செய்வது? வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கடைசி நேர்முகத்தை, சினிமா பார்ப்பது போல உட்கார்ந்து பார்த்தேன்.

கடைசிக் கேள்வி நிர்மலாதேவியுடையது. "ஒருத்தரைக் கூப்பிட, இன்னொருத்தர் பதில் சொல்லிட்டார். கூப்பிடப்பட்டவர் அவர்தான்னு எழுதியிருக்கீங்க. சரி. அப்போ அந்தப் பேருக்குச் சொந்தக்காரர், அவர் என்ன ஆவார்?"

பச்சைக் கோடு கொஞ்ச நேரம்தான் மின்னியது. சின்னப் பதில் போலிருக்கிறது. நிர்மலாதேவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். மற்ற இருவருக்கும் அதை ஆங்கிலத்தில் விளக்கப் போனார், அதற்குள் எனக்கு நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அம்மா சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"காட்டு வரைக்கும் கேட்டுது கண்ணு. இங்கிலீசுல பொளந்து கட்டிட்ட. இத்தன நாளு இந்தப் பேச்செல்லாம் எங்கடி வெச்சிருந்த?"

அம்மா மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

முடிவு வந்தது. பட்டியலில் முதல் பேர் என்னுடையது. அண்ணன் போனில் கத்தினான், மேனேஜர் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். நான் நிர்மலாதேவியைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். பிறகு மெதுவாக, "மேம், பதட்டத்துல என்ன பேசினேன்னே ஞாபகமில்லை. கடைசிக் கேள்விக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டேன்.

"அதை மறந்துட்டீங்களா? நான் வகுப்புல கூடச் சொல்லிட்டேனே" என்று அவர் சிரித்தார். "இங்கிலீஷ்லயே பேசிட்டு வந்தீங்க. அதுக்கு மட்டும் தமிழ்ல சொன்னீங்க. 'மிச்சம் இருக்கறவ வூட்டப் பாத்துக்குவா' அப்படின்னீங்க. வூடுன்னு ஒருத்தர் சொல்லிக் கேட்டு எத்தனை வருசம் ஆச்சு தெரியுமா எனக்கு."

போனை வைத்தேன். மிச்சம் இருக்கிறவள் யாரென்று எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நேர்முகத்தில் பதில் சொன்னது அது. அழைக்கப்பட்டதும் அதுதான், நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், கையெழுத்துப் போடாத குறை. அது ரயிலேறிப் போகும். நான் ஊசி போட்டுக்கொண்டு, பில் அடித்துக்கொண்டு, எக்கோவாக இங்கே கிடப்பேன். நினைக்க நினைக்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அது என் படிப்பு. ராத்திரி பகல் பாராமல் நான் படித்த படிப்பு. தயங்கிய ஒரு மூச்சுக்காக அதைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

அன்றிலிருந்து ஊர் வழக்கத்தை விட்டேன். யார் கூப்பிட்டாலும் முதல் கூப்பாட்டுக்கே பாய்ந்து பதில் சொன்னேன். அம்மா "சில்..." என்று ஆரம்பிக்கும்போதே "ஏம்மா" என்றேன். பேக்டரியில் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாள், "இந்தப் புள்ளைக்கு என்னா வந்துச்சு, வாயில சக்கரம் கட்டிக்கிட்டு நிக்குது" என்று அம்மாவிடம் கேட்டாள்.

கிளம்புகிற வாரத்தில் ஒரு மத்தியானம். அம்மா உள்ளே பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், குறட்டை எனக்குக் கேட்டது. நான் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். காட்டிலிருந்து அம்மா குரல் வந்தது.

"சில்வியா."

"ஏம்மா, இங்கதான் இருக்கன்" என்று கத்தினேன். வேண்டுமென்றேதான் கத்தினேன். இனிமேல் என் பேருக்கு வேறு யாரும் பதில் சொல்லக் கூடாது, பேயானாலும் சரி, பேராசிரியரானாலும் சரி.

காட்டில் செடி அசையவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. குறட்டை நின்றது. அம்மா எழுந்து வந்து வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தாள்.

"யாருக்குடி பதில் சொன்ன?"

"உனக்குத்தான்."

"நான் கூப்புடலயே" என்றாள். அன்று சாயங்காலம் ஜெபமாலையை இரண்டு தரம் சொன்னாள்.

அதோடு கூப்பாடு நின்றுபோயிற்று. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஊசி போடப் பெரியம்மாளிடம் கெஞ்சிக் கேட்டு வைத்தேன். சரி என்றாள், ஆனால் அவளுக்கும் காடு கரை இருக்கிறது, எத்தனை நாளைக்கு ஒழுங்காக வருவாள்? அண்ணனிடம் வாரம் ஒருமுறையாவது வரச் சொன்னேன். பார்க்கலாம் என்றான். அவன் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மொரப்பூர் ஸ்டேசனுக்கு அம்மா கூடவே வந்தாள். பகல் வண்டி. சென்னைக்குப் போய், அங்கே வண்டி மாற வேண்டும். அம்மா அழுவாள், நானும் அழுவேன், எப்படிச் சமாளிப்பது என்று வழியெல்லாம் யோசித்தபடி வந்தேன். அவள் அழவில்லை. "நல்லபடியாப் போய்ட்டு வா. என்னைப் பத்தி ஒண்ணுங் கவலப்படாத" என்று நெற்றியில் சிலுவை வரைந்தாள். யாரோ ஆறுதல் சொல்லித் தேற்றி அனுப்பிய மாதிரி அவ்வளவு தெளிவாக இருந்தாள்.

வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் வெயில் கொளுத்தியது. அம்மா குடை பிடித்து நின்றாள். குடையைத் தன் தலைக்கு நேராகப் பிடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொருத்தருக்கும் சேர்த்துச் சாய்த்துப் பிடித்திருந்தாள். அவளுடைய ஒரு தோள் வெயிலில் இருந்தது. பக்கத்தில் யாருமில்லை.

பல்கலைக்கழகத்தில் எனக்கு அறை கிடைத்தது, நூலக அட்டை கிடைத்தது. நான்தான் போனேன், என் கையால்தான் கையெழுத்துப் போட்டேன். வகுப்பில் நிர்மலாதேவி என்னைப் பார்த்து, "நேர்ல கொஞ்சம் அமைதியா இருக்கீங்க" என்றார். தினமும் மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினேன்.

"ஊசி போட்டாச்சா? பெரியம்மா வந்தாங்களா?"

"அவ எதுக்கு? அதெல்லாம் போட்டாச்சு."

"நீயாவா போட்டுக்கிட்ட?"

"நீ படிக்கிற வேலையப் பாரு கண்ணு" என்பாள்.

பிறகு ஒருநாள், களை எடுத்து முடித்தாச்சு என்றாள். யார் எடுத்தது என்று கேட்டேன். "நாங்கதான்" என்றாள். நாங்க என்றால் யார் என்று கேட்கவில்லை நான். கேட்டிருக்கலாம். பாடம் நிறைய இருந்தது, கேள்வியை நாளைக்குத் தள்ளினேன், நாளைக்கும் தள்ளினேன். அண்ணன் ஒருமுறை ஊருக்குப் போய் வந்து செய்தி அனுப்பினான். அம்மாவுக்குச் சர்க்கரை அளவு இத்தனை வருசத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லையாம். "நீ நல்லாப் பாத்துக்கற" என்று எழுதியிருந்தான். போனில் விசாரிப்பதைச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா கண்ணு என்று சொல்வது குறைந்தது. பிறகு என்னை வாடி போடி என்பது குறைந்தது. எனக்குக் காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

போன வாரம் விடுதி மாடிப்படியில் நின்று வழக்கம்போல் கூப்பிட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"யாருங்க பேசறது?"

"அம்மா, நாந்தான்."

"நாந்தான்னா யாருன்னு தெரியலீங்களே. பேரச் சொல்லுங்க."

பெற்ற தாய் என்னை நீங்க என்று சொன்னாள். அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது. "சில்வியா" என்றேன்.

அம்மா சிரித்தாள். வெளியாட்களிடம் சிரிப்பாளே, மரியாதையாக, அந்தச் சிரிப்பு. "அது எம் பொண்ணு பேருங்க. அவகிட்டப் பேசணுங்களா? இருங்க, துணி காயப் போடறா." போனை வாயிலிருந்து விலக்கிக்கொண்டு கூப்பிட்டாள். "சில்வியா... சில்வியா..."

"ஏம்மா" என்றேன். என்னையறியாமல் வந்தது. அந்தப் பக்கம் அம்மாவுக்கு அருகிலும் "ஏம்மா" என்று கேட்டது. அதுதான் தெளிவாக இருந்தது. காலடிச் சத்தம் வந்தது. போன் கை மாறியது.

"சொல்லுங்க."

என் குரல்தான். ஆனால் தயக்கம் இல்லாத குரல். நான் அப்படிப் பேசியதே இல்லை. யார் நீ, என் அம்மாவை என்ன செய்தாய், வீட்டை விட்டு வெளியே போ என்றெல்லாம் நெஞ்சில் முட்டியது. வாயில் வந்தது வேறு.

"அம்மாவுக்கு ஊசி போட்டாச்சுங்களா?"

"காலையிலயே போட்டாச்சுங்க. இப்பத்தான் கூழு குடிச்சாங்க."

"காட்டுக்குத் தனியா அனுப்பாதீங்க."

"நான் இருக்கறப்ப எதுக்குங்க தனியாப் போறாங்க? கூடவே இருந்து பாத்துக்கறனுங்க." கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னது: "நீங்க நல்லாப் படிங்க."

"சரிங்க" என்றேன்.

போன் கையிலேயே இருந்தது. உடம்பில் ஏதோ இறங்கிப் போனது போலிருந்தது, பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். பயமில்லை, நிம்மதி. ஊரை விட்டு வந்ததிலிருந்து ஒருநாளும் எனக்கு வராத நிம்மதி. அம்மா இனிமேல் காட்டுக்குள் விழுந்து கிடக்க மாட்டாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள மிச்சம் இருக்கிறவள் இருக்கிறாள், நான் திரும்பிப் போக வேண்டியதில்லை. அது நிம்மதிதான் என்று புரிந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பிள்ளைகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் நின்று, என்னாச்சு, உங்க பேர் என்ன என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.